நடந்துகொண்டே பதில் சொன்ன சிறுமி

நேயர்களுக்கு வணக்கம். இயன்முறை மருத்துவம் என்றால் கை, கால் சமாச்சாரம் என்றே பலரும் நினைக்கிறார்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைத் தூக்கிவரும் பெற்றோர் முதலில் கேட்பது, "எப்போது நடப்பான்?" செரிப்ரல் பால்சி என்று மருத்துவச் சீட்டில் எழுதுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவுகள் தடுமாறும் நிலை அது. பாதிப்பு மூளையில், கவலையெல்லாம் காலைப் பற்றி!

என்னிடம் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். நடைப் பயிற்சியின்போது பேச்சுக் கொடுத்தால் போதும், நின்றுவிடுவாள். "ஏழும் ஆறும் எத்தனை?" என்பேன். நிற்பாள். "பதின்மூன்று." அதன் பிறகுதான் அடுத்த அடி. வகுப்பில் மந்தம் என்று பெயர் வாங்கியிருந்தாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் முதலில் பிடிவாதம் என்றே நினைத்தேன். ஆனால் உட்காரவைத்துக் கேட்டால் பட்டென்று சொல்கிறாளே! வழுக்கும் தரையில், கையில் ததும்பும் பாத்திரத்தோடு போகிறீர்கள். யாராவது கணக்குக் கேட்டால் நீங்களும் நிற்பீர்கள் அல்லவா? அவளுக்கு எல்லாத் தரையும் வழுக்குத் தரைதான். இக்குழந்தைகள் பலருக்கு நடக்க மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு சக்தி செலவாகிறது. கவனமும் அப்படியே கரைகிறது.

ஆகவே அசைவோடு கவனத்தையும் பழக்க, பந்து விளையாட்டைச் சேர்த்தோம். சிவப்புப் பந்து வந்தால் பிடி, நீலம் வந்தால் விட்டுவிடு. மூச்சு வாங்கும், சிரிப்பும் வரும். சில மாதங்களில், நடந்துகொண்டே "பதினைந்து" என்றாள். விடை தப்பு! எனக்கோ ஆனந்தம்.

பயிற்சியாலா, வயது ஏறியதாலா? ஒரு குழந்தையை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. உடற்பயிற்சியின்போது மூளைக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது. நரம்பு இணைப்புகளுக்கு உதவும் புரதமும் சுரக்கிறது. பொதுவாகக் குழந்தைகளிடம் உடற்பயிற்சியால் கவனமும் தன்னைக் கட்டுப்படுத்தும் திறனும் ஓரளவு மேம்படுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. மூளை முடக்குவாதக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் குறைவு, சிறியவை. மூளையில் ஏற்பட்ட பழைய காயத்தைப் பயிற்சி ஆற்றிவிடாது. ஆற்றும் என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். மறுபடி சொல்கிறேன், போகாதீர்கள்.

சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தைகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பந்து எறிவது, நாற்காலியைத் தாமே உருட்டுவது, இவையும் பயிற்சிதான். வலித்தால் நிறுத்துங்கள். வலிப்பு வரும் குழந்தையைத் தண்ணீரில் ஒரு நொடியும் தனியே விடாதீர்கள். வணக்கம்.