மந்துக் காலுக்குச் சோப்பும் மருந்துதான்

(கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் நடந்த வாசகசாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

ஐப்பசி முதல் தேதி ராயிரநல்லூர் மலை ஏறி வருகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருப்பீர்கள். அந்த மலையோடு சேர்த்துச் சொல்லப்படுகிற, ஊர் பைத்தியம் என்று அழைத்த ஞானி நாறாணத்துப் பிராந்தன் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுடுகாட்டில் காளி எதிரே நின்று வரம் கேள் என்கிறாள். சாவை ஒரு நாள் தள்ளிப்போடச் சொல்கிறார். அது அவளால் ஆகாது. ஒரு நாள் முன்னே கொண்டுவரவும் ஆகாது. சரி, இடது காலில் இருக்கிற மந்து நோயை, அதாவது யானைக்காலை, வலது காலுக்கு மாற்றிவிடு என்கிறார். குணமாக்கு என்று அவர் கேட்கவே இல்லை. ஞானியின் பற்றின்மையைக் காட்ட இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. இந்தக் கால் வந்தால் வந்ததுதான், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஊர் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டது. யானைக்கால் உள்ள வீட்டுக்கு இன்று போனாலும் முதலில் காதில் விழுவது அந்தப் பேச்சுதான். அது சரியல்ல என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நோயைக் கொண்டுவருவது ஃபைலேரியா புழு. பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம், நூல் கனம். நம் உடம்பில் தேங்கும் நீரை வடித்துக்கொண்டு போகிற நிணநீர்க் குழாய்களுக்குள் வருடக்கணக்கில் குடியிருந்து குட்டி போடும். அந்தக் குட்டிகள் பகலில் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் ஒதுங்கி, இரவில்தான் உடம்பெங்கும் ரத்தத்தில் சுற்றும். இரவு பத்து மணிக்கு மேல் ரத்தம் எடுக்க ஆள் வந்து கதவைத் தட்டுவது அதனால்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். கொசுவுக்கும் இந்தப் புழுவுக்கும் உள்ள தொடர்பை 1877-இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மான்சன் கண்டுபிடித்தார். ஆனால் கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்றுதான் அவர் நினைத்தார். கடியால் பரவுகிறது என்பது தெளிவாக மேலும் இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். புழு நிணநீர்க் குழாயைத் தளர்த்திக் கெடுத்துவிடுகிறது, நீர் ஓடாமல் தேங்குகிறது, சரி. ஆனால் லேசான வீக்கம் எப்படி யானைக்கால் ஆகிறது? பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் ஜெருசா ட்ரையர் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் நோயாளிகளைக் கூடவே இருந்து கவனித்தார்கள். நெறி கட்டி, குளிர் நடுக்கி, கால் சிவந்து கொதிக்குமே, அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் புழுவால் வருவதல்ல, தோல் வழியாக நுழையும் பாக்டீரியாவால் வருவது என்று காட்டினார்கள். அமாவாசைக் காய்ச்சல் என்று நாம் நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். வாசல் திறந்திருந்தது விரலிடுக்கில். நம் வயற்காட்டில் எல்லோருக்கும் தெரிந்த சேற்றுப்புண்தான் அந்த வாசல். ஒவ்வொரு காய்ச்சலும் காலை இன்னும் கொஞ்சம் தடிக்க வைத்துவிட்டுப் போகிறது. காய்ச்சலை நிறுத்தினால் கால் பெருப்பது நிற்கும், பலருக்குக் குறையவும் செய்யும்.

எப்படி நிறுத்துவது? ஒரு பேசின், சாதாரணக் குழாய்த் தண்ணீர், குளிக்கிற சோப்பு. வெந்நீர் வேண்டாம், பிரஷ் கூடவே கூடாது. முட்டியில் ஆரம்பித்துக் கீழே வந்து, தோல் மடிப்புகளுக்குள் கை விட்டு, அப்புறம் விரலிடுக்கு. வீங்கிய காலில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், உங்கள் கைவிரல் உள்ளே போகாது. மெல்லிய பருத்தித் துணியைத் திரியாக உருட்டி, இடுக்கில் நுழைத்து, மெதுவாக இழுங்கள். தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். பிறகு தேய்க்காமல் ஒற்றி எடுத்து, இடுக்கின் ஈரம் முழுதும் போக வேண்டும். தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தால் பூஞ்சைக்கான களிம்பு. படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். காய்ச்சல் வந்துவிட்டால் ஓய்வு, குளிர்ந்த தண்ணீர்த் துணி, தாமதிக்காமல் டாக்டர்.

இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். இவ்வளவுக்கே ஆராய்ச்சியில் எத்தனை மதிப்பு என்று பாருங்கள். இந்தப் புழுவுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா வாழ்கிறது. அதைக் கொன்றால் புழு மலடாகிச் சாகிறது. டாக்ஸிசைக்ளின் அதைச் செய்கிறது. கானாவில் ஓர் ஆய்வில் இந்த மருந்தால் கால் வீக்கமும் குறைந்தது என்று வந்தபோது உலகெங்கும் நம்பிக்கை பிறந்தது. பின்னர் கானாவிலும் மாலியிலும் பெரிதாகச் சோதித்தார்கள். ஒரு தரப்புக்கு மருந்து, மறு தரப்புக்கு மருந்தில்லாத மாத்திரை, இரு தரப்புக்கும் கால் கழுவும் பயிற்சி. இரு தரப்பிலும் கால் தேறியது. மருந்து எடுத்தவர்களுக்குச் சொல்லும்படியான கூடுதல் பலன் தெரியவில்லை. இதைவிடப் பெரிய சான்றிதழ் சோப்புக்கு யார் கொடுக்க முடியும்?

நம் கேரளத்திலேயே, காசர்கோட்டில், தோல் மருத்துவர் எஸ்.ஆர். நரஹரி 1999-இல் தொடங்கிய நிறுவனத்தில் இதையே இன்னும் விரிவாகச் செய்கிறார்கள். கழுவுவது, ஆயுர்வேத மூலிகை நீரில் ஊறவைப்பது, யோகா, மூச்சுப் பயிற்சி, கடைசியில் அழுத்தக் கட்டு. அலோபதியும் ஆயுர்வேதமும் சண்டை போடாமல் ஒரே நோயாளியின் காலை அளந்து பார்க்கிற இடம் என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

காலுக்கு இது. ஊருக்கு என்ன வேண்டும்? நோய் பரவும் மாவட்டங்களில் 2004 முதல் வருடத்துக்கு ஒரு முறை வீடு வீடாகக் கொடுத்து வருகிற, புழுவைக் கொல்லும் மாத்திரை. "எனக்குத்தான் நோய் இல்லையே" என்று அதைத் தலையணைக்கு அடியில் வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ரத்தத்தில் குட்டிப் புழு இருப்பவர்களில் பெரும்பாலோர் வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருப்பார்கள். மாத்திரை போட்டபின் சிலருக்கு லேசான காய்ச்சலும் தலைச்சுற்றலும் வருவது பெரும்பாலும் புழு சாவதால்தான். சீனா உப்பிலேயே மருந்தைக் கலந்து கொடுத்து 2007-இல் விடுபட்டது. இலங்கை 2016-இல் விடுபட்டது. இந்தியா 2027-ஐ இலக்கு வைத்திருக்கிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகள் தவிர மற்ற எல்லோரும், மாத்திரை கொண்டுவந்தால், ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்கா எதிரிலேயே விழுங்கிவிடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் பின்னறையில் இரண்டு பேசினும் சோப்பும் துணியும் இருக்கும். கால் வீங்கியவர்கள் மட்டும் வந்தால் போதாது. வீட்டில் அவர்கள் குனிந்து விரலிடுக்கைத் தொட முடியாது, ஆகவே மகளோ மருமகனோ பேரனோ, யார் தினமும் கழுவிவிடப் போகிறீர்களோ அவர்களையும் கூட்டி வாருங்கள். செய்து காட்டுகிறேன்.