பீப் சத்தம் கேட்டதும்: முதல் பிராக்டிகல் பிஸ்டல் போட்டி

[திரையில்: உள்ளங்கை அளவு கறுப்புக் கருவி ஒன்று. "பீப்!"]

இதற்குப் பெயர் ஷாட் டைமர், சுடும் நேரத்தை அளக்கும் கருவி. இந்தச் சத்தம் காதில் விழுந்ததும், ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்து வைத்த திட்டம் பாதி மறந்துபோகும். எல்லாருக்கும் அப்படித்தான்.

துப்பாக்கி சுடுதல் என்றதும் நமக்கு மனு பாக்கர் நினைவுக்கு வருவார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்றவர். அதில் நின்ற இடத்தை விட்டு அசையக்கூடாது, ஒற்றைக் கை, தகுதிச் சுற்றில் 60 குண்டுக்கு 75 நிமிடம். பிராக்டிகல் சூட்டிங் இதற்கு நேர் எதிர். இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை உருவி, ஓடி, தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சுட வேண்டும். 1976இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கொலம்பியா என்ற ஊரில் கூடி, ஐபிஎஸ்சி என்ற சர்வதேச அமைப்பைத் தொடங்கினார்கள். ஜெஃப் கூப்பர் முதல் தலைவர். துல்லியம், சக்தி, வேகம் என்ற மூன்றும்தான் தாரக மந்திரம்.

இந்த வீடியோவில் நான் சொல்வது அமெரிக்காவில் யுஎஸ்பிஎஸ்ஏ என்ற அமைப்பின் விதிப்படி நடக்கும் கிளப் போட்டிகளைப் பற்றி. இந்தியாவில் 9 எம்எம் பிஸ்டல் சாதாரண லைசென்ஸுக்குக் கிடைக்காது.

[திரையில்: மண்மேட்டுக்கு முன்னால் அட்டை இலக்குகள், மரச் சட்டங்கள்]

ஒவ்வொரு களத்துக்கும் 'ஸ்டேஜ்' என்று பெயர். சுடுவதற்கு முன் நடந்து பார்க்கச் சில நிமிடம் தருவார்கள். வளர்ந்த ஆட்கள் வெறுங்கையை நீட்டி, வாய்க்குள் எண்ணிக்கொண்டு, இங்குமங்கும் நடப்பார்கள். பார்க்கச் சிரிப்பு வரும். நீங்களும் அதையே செய்யுங்கள். எங்கே நின்றால் எந்த இலக்கு தெரியும், எந்த இடத்தில் மேகசினை, அதாவது குண்டு அடுக்கிய பெட்டியை, மாற்றுவது என்பதெல்லாம் அப்போதே முடிவாகிவிட வேண்டும்.

உங்கள் பெயரைக் கூப்பிடுகிறார்கள். அதுவரை பிஸ்டல் உறைக்குள் காலியாக இருக்கும், தொடவே கூடாது. 'சேஃப் ஏரியா' என்ற மேசையருகே மட்டும் வெளியே எடுக்கலாம். அங்கே தோட்டாவைத் தொடக்கூடாது. களத்தை நடத்தும் ரேஞ்ச் ஆபீசர் "மேக் ரெடி" என்ற பிறகுதான் குண்டு ஏற்றலாம். அப்புறம் "ஆர் யூ ரெடி?", "ஸ்டாண்ட் பை". ஒன்று முதல் நான்கு விநாடி வரை அமைதி. பீப்.

[திரையில்: அட்டை இலக்கு, ஏ, சி, டி பகுதிகள்]

இனிக் கணக்கு. நடுவில் உள்ள ஏ பகுதிக்கு 5 புள்ளி. சாதாரண 9 எம்எம் குண்டில் சுட்டால் சி-க்கு 3, டி-க்கு 1. தவறவிட்டால் 10 கழியும். சுடக்கூடாத வெள்ளை அட்டையில் பட்டாலும் 10 போச்சு. மொத்தப் புள்ளியை விநாடியால் வகுத்தால் வருவது 'ஹிட் ஃபேக்டர்'.

எட்டு அட்டை, தலைக்கு இரண்டு குண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பதினாறையும் ஏ-யில் போட்டு 25 விநாடி எடுக்கிறார்: 80 வகுத்தல் 25, அதாவது 3.2. இன்னொருவர் 16 விநாடியில் முடிக்கிறார். பத்து ஏ, ஐந்து சி, ஒரு டி. 66 புள்ளி, 4.125. சரி, வேகம்தான் ஜெயிக்கிறது. ஆனால் அந்த ஐந்து சி-யில் ஒன்று அட்டையிலேயே படாமல் போயிருந்தால்? 53 புள்ளி, 3.31. ஒன்பது விநாடி முந்தி வந்த பலன் கிட்டத்தட்ட மொத்தமும் ஒரே குண்டில் காலி. புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

அதைவிட மோசமானது டிஸ்குவாலிஃபை ஆவது. மண்மேட்டைப் பார்த்து நிற்கும்போது உங்கள் தோளுக்கு நேராக இருபுறமும் ஒரு சுவர் எழுந்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குழாய்முனை அதைத் தாண்டிப் பின்னால் திரும்பினால், அன்றைய போட்டி அத்தோடு முடிந்தது. வலது கைக்காரர்கள் இடப்பக்கம் ஓடிக்கொண்டே மேகசின் மாற்றும்போது கவனம். முழங்கை மடங்கியதும் முனை தானாகவே இடப்பக்கம் திரும்பும். உடம்பும் அதே பக்கம் திரும்பியிருந்தால் அந்தச் சுவரைத் தாண்டிவிடும். நகரும்போது விரல் டிரிக்கரில் இருந்தாலும், பிஸ்டல் கைதவறி விழுந்தாலும் இதே தண்டனை. ஆகவே முதல் நாள் நடந்தே போங்கள். கடைசி இடம் வந்தால் என்ன, யாரும் சிரிக்க மாட்டார்கள்.

சாமான்களுக்கும் பணத்தை அள்ளிக் கொட்ட வேண்டாம். சாதாரண 9 எம்எம் பிஸ்டல், டிரிக்கரை மூடும் உறை, இறுக்கமான பெல்ட், நாலைந்து மேகசின், கண்ணாடி, காதுக் கவசம். ஒரு ஸ்டேஜுக்கு அதிகபட்சம் 32 குண்டு தேவைப்படும். ஐந்து ஸ்டேஜ் என்றால் 200 கொண்டுபோனால் போதும்.

உங்கள் முறை முடிந்ததும் நிழலில் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். அடுத்தவர் சுட்ட ஓட்டைகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதும், சாய்ந்த இரும்புத் தகடுகளை நிமிர்த்தி வைப்பதும் போட்டியாளர்களின் வேலைதான். ஒட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தால் பழைய ஆட்கள் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள்.

[திரையில்: கழுவும் கைகள்]

தோட்டாவில் ஈயம் இருக்கிறது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் சோப்புப் போட்டு, பச்சைத் தண்ணீரில் கை கழுவிவிடுங்கள்.