நெல்லைப் புறநகர்ல எத்தனை பேருக்கு உயர்நிலைப் பள்ளியில இடம் வேணும்?

[திரையில்: கே.டி.சி. நகர், வி.எம். சத்திரம், ரெட்டியார்பட்டி குறிச்ச வரைபடம்]

இன்னும் அஞ்சு வருஷத்துல ஆறாம் வகுப்புக்கு வரப்போற பிள்ளைங்க யாரு? இன்னைக்கு ஒண்ணாம் வகுப்புல இருக்கிறவங்கதான். பேரோட எமிஸ்ல, அதாவது பள்ளிக் கல்வித் துறையோட ஆன்லைன் மாணவர் பதிவேட்டுல, இருக்காங்க. சிக்கலே, நடுவுல யாரு குடிவருவாங்க, யாரு வேற பள்ளிக்குப் போவாங்கங்கறதுலதான்.

அடிப்படைக் கணக்கு லேசு. ஒரு பகுதியில போன வருஷம் அஞ்சாம் வகுப்புல 200 பேர், இந்த வருஷம் ஆறாம் வகுப்புல 220 பேர்னு வைங்க. விகிதம் 1.1. இப்படி வகுப்புக்கு வகுப்பு விகிதம் எடுத்துப் பெருக்கிக்கிட்டே போகணும். கொரோனா காலத்தைத் தள்ளிடுங்க. அப்போ தனியார்லேருந்து அரசுப் பள்ளிக்கு வந்த கூட்டம் வருஷா வருஷம் வராது.

[திரையில்: பிறப்புச் சான்றிதழ்]

பிறப்புப் பதிவை வச்சுக் கணக்குப் போட்டா என்ன? நம்ம ஊருக்கு அது சரிவராது. குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கமிருந்தெல்லாம் பிரசவத்துக்கு வாராங்க. நம்ம புறநகர்ப் பொண்ணு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிடுவா. பதிவுல ஒரு ஊர், வளர்றது இன்னொரு ஊர்.

[திரையில்: மனைப் பிரிவு]

வித்த மனைகளை எண்றதும் ஏமாத்தும். ரெட்டியார்பட்டி ரோட்டுல பாருங்க. வெள்ளையடிச்ச எல்லைக்கல், நடுவுல உடைமரம், தெருக்கோடியில ஒரே ஒரு வீட்டுல மட்டும் துணி காயுது. மனை வாங்கினவர் சென்னையிலயோ துபாய்லயோ இருப்பார். புது வீட்டு மின் இணைப்பை எண்ணுங்க. ரேஷன் கார்டுல வயசு விவரம் இருந்தாலும், பல பேர் பழைய ஊர் விலாசத்தை வருஷக்கணக்கா மாத்தறதில்ல.

பழைய விகிதத்தை அப்படியே நம்பாததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020ல வந்துச்சு. 2022ல புதுமைப்பெண், 2024ல தமிழ்ப் புதல்வன்னு காலேஜ் படிக்கிறவங்களுக்கு மாசம் 1,000 ரூபாய்த் திட்டங்களும் வந்துச்சு. மூணுமே ஆறாம் வகுப்புலேருந்து அரசுப் பள்ளியில படிச்சதைப் பாக்குது; மாச உதவிக்கு மட்டும் அரசு உதவிபெறும் பள்ளியில தமிழ்வழியில படிச்சிருந்தாலும் சரி. அதனால, அஞ்சு முடிஞ்சதும் பெத்தவங்க உக்காந்து யோசிக்கிறாங்க. அஞ்சுலேருந்து ஆறுக்குப் போற இந்தப் படிக்கு மட்டும் கடைசி ரெண்டு மூணு வருஷ விகிதமே போதும்.

[திரையில்: காலை நேர டவுன் பஸ்]

என் பார்வையில பெரிய தப்பு நடக்கிறது ஒன்பதாம் வகுப்புலதான். ஊர்ல நடுநிலைப் பள்ளி எட்டோட முடியுது. ஒன்பதாம் வகுப்புன்னு பதிவேட்டுல ஒண்ணுமே இல்ல. அதைப் பாத்து, 'இங்கே தேவையில்ல'ன்னு எழுதிடக் கூடாது. அந்தப் பிள்ளைங்க காலையில படிக்கட்டு வரைக்கும் நெருக்கியடிச்சு பாளையங்கோட்டைக்குப் போயிட்டிருக்காங்க. அவங்க அங்கத்த பள்ளிக் கணக்குல ஏறுறாங்க. சேர்க்கை எண்ணிக்கை காட்டுறது எங்கே இடம் இருக்குங்கறதை மட்டும்தான். தேவையைத் தெரிஞ்சுக்கணும்னா வீட்டு விலாசப்படி எண்ணணும். இதுல பாளையங்கோட்டைப் பள்ளிகளோட நூத்தாண்டுப் பேரும் சேர்ந்துக்கும். வீட்டுப் பக்கத்துல பள்ளி வந்தாலும் கொஞ்சம் பேர் அங்கேதான் போவாங்க, அவங்களையும் கழிச்சுக்கணும்.

பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்துல 'உயர்நிலைப் பள்ளியா தரம் உயர்த்தணும்'னு மட்டும் எழுதாதீங்க. எட்டு முடிச்சவங்க எத்தனை பேர், எந்தத் தெரு, இப்போ எந்தப் பள்ளிக்குப் போறாங்கன்னு பட்டியல் இணைங்க. அடுத்த மூணு வருஷத்துக்கும் குறைஞ்சது இவ்வளவு, கூடினா இவ்வளவுன்னு ரெண்டு எண்ணும் போடுங்க.