நடுவர் அவர்களே, அந்தப் பட்டியல் எங்கே?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ஜெர்மனியில் அமெரிக்கா நடத்திய உளவு பற்றி அந்நாட்டு நாடாளுமன்றக் குழு செய்த விசாரணையை ஜெர்மன் அரசு கையாண்டது விவேகமா, நழுவலா என்பது தலைப்பு. நழுவலே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "தட்டச்சுப் பொறியைத் தேடி ஓடியவர்களா அமெரிக்காவை விசாரிப்பது?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிப் போனார். கைதட்டலை அவரே வைத்துக்கொள்ளட்டும். அவர் பாதியில் விட்ட கதையை நான் முடிக்கிறேன்.

2014 ஜூலையில், கணினியை உளவு பார்ப்பார்கள் என்பதால் தட்டச்சுப் பொறிக்கு மாறும் எண்ணம் உண்டா என்று விசாரணைக் குழுத் தலைவர் பாட்ரிக் சென்ஸ்பர்க்கிடம் தொலைக்காட்சியில் கேட்டார்கள். உண்டு என்றார், அதுவும் மின்னணு வகை அல்லாத பொறி என்றார். மெய்யாகவா என்று கேட்டதற்கு, வேடிக்கை இல்லை என்றார்! மை நாடாவைக் கோத்து, டக் டக்கென்று எழுத்தெழுத்தாகத் தட்டி, பிழை விழுந்தால் தாளை உருவிக் கசக்கி, கசக்கிய தாளையும் பூட்டிவைக்கிற ஒரு மக்கள் பிரதிநிதியைக் கற்பனை செய்து பாருங்கள். சிரிப்பு வருகிறது, எனக்கும்தான். ஆனால், அதே மாதம்தான் ஜெர்மன் உளவுத்துறை ஊழியர் ஒருவர் அமெரிக்கர்களுக்கு ஆவணங்களை விற்ற குற்றச்சாட்டில் கைதானார். 2016இல் அவருக்கு 8 ஆண்டுச் சிறை. திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது பூட்டைச் சோதித்தவரைப் பார்த்தா நண்பரே நகைப்பது?

அரசு என்ன செய்தது? "நண்பர்களுக்குள் உளவு கூடவே கூடாது" என்று 2013இல் முழங்கினார் அன்றைய ஆட்சித் தலைவர் (சான்சலர்) மெர்க்கல். தம் உளவுத்துறையே அமெரிக்கா தந்த தொலைபேசி எண்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் வைத்து, தான் ஒட்டுக்கேட்ட தகவல்களில் அமெரிக்காவுக்காகத் தேடியது 2015இல் அம்பலமானதும், அந்தப் பட்டியலைக் குழுவுக்குக் காட்ட மறுத்து, குர்ட் கிராலிஷ் என்ற முன்னாள் நீதிபதி ஒருவரை மட்டும் பார்க்க அனுமதித்தது அவரது அரசு. அரசமைப்பு நீதிமன்றம் 2016இல் அதை ஏற்றதே என்பார் எதிரணியார். ஏற்றது, மறைக்கலாம் என்றது, மறைத்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை.

இது எந்த நாடு, நடுவர் அவர்களே? முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீசான ஸ்டாசி, மக்களை வேவு பார்த்து எழுதிக் குவித்த கோப்புகளை, 1991இல் சட்டமியற்றிக் குடிமக்களுக்கே திறந்துவிட்ட நாடு. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வேரா வோலன்பெர்கர் தம் கோப்பைப் பிரித்தார். தம்மைப் பற்றித் தகவல் கொடுத்து வந்தவர் தம் குழந்தைகளின் தந்தை, கட்டிய கணவர் என்று அதில் கண்டார். அந்தப் பக்கங்களைப் புரட்டியபோது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! கணவரின் துரோகத்தைக்கூடப் படித்தறியும் உரிமையை ஒரு பெண்ணுக்குத் தந்த அதே நாடு, மக்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஒரு பட்டியலைக் காட்ட அமெரிக்காவின் சம்மதத்தை எதிர்பார்த்துக் கைகட்டி நின்றதே. இதற்கா விவேகம் என்று தீர்ப்பளிக்கப் போகிறீர்கள்?