ரெஃபரன்ஸ் பட்டியலைக் கடைசி ராத்திரிக்குத் தள்ளாதீர்கள்

[திரையில்: பிச்சாவரம் அலையாத்திக் காடு, படகிலிருந்து எடுத்த காட்சி]

வணக்கம். காலாப்பட்டு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலோ ஜிப்மர் மருத்துவ நிறுவனத்திலோ பரங்கிப்பேட்டைக் கடல் ஆய்வு மையத்திலோ முதல் ஆய்வுக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும் ஸ்காலர்களுக்கான வீடியோ இது. கட்டுரை தயார், கைடும் பார்த்துவிட்டார், ரெஃபரன்ஸ் மட்டும்தான் பாக்கி, உட்கார்ந்தால் ஒரு ராத்திரி வேலை என்று நினைப்பவர்கள் நிறைய பேர். அந்த ராத்திரியில்தான் ஆண்டு மாறிப்போகிறது, ஆசிரியர் பெயர் தலைகீழாகிறது, படிக்காத கட்டுரையெல்லாம் பட்டியலில் ஏறிவிடுகிறது. ரெஃபரன்ஸ் என்பது, நீங்கள் சொன்னதை இன்னொருவர் போய்ப் பார்த்துச் சரிதானா என்று கேட்பதற்கான விலாசம். விலாசத்தில் ஒரு எண் தப்பினால் போதும், ஆள் வேறு தெருவில் நிற்பார்.

நம் பக்கத்துக் கட்டுரை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது கடலூர் மாவட்டக் கரையில் மரங்கள் இருந்த இடத்தில் சேதம் குறைந்ததா என்று ஆராய்ந்த கட்டுரை 2005ல் சயின்ஸ் இதழில் வந்தது. ஆசிரியர்கள் 12 பேர். மருத்துவ இதழ்கள் கேட்கும் வான்கூவர் முறையில் அது இப்படி வரும்.

[திரையில்: டேனியல்சன் எஃப், சோரென்சன் எம்கே, ஓல்விக் எம்எஃப், செல்வம் வி, பாரிஷ் எஃப், பர்ஜெஸ் என்டி, மற்றும் பலர். தி ஏஷியன் சுனாமி: எ ப்ரொடெக்டிவ் ரோல் ஃபார் கோஸ்டல் வெஜிடேஷன். சயின்ஸ். 2005;310(5748):643.]

ஆறு பேர் பெயர், அப்புறம் "மற்றும் பலர்". 310 என்பது தொகுதி, அடைப்புக்குள் இருப்பது இதழ் எண், கடைசியில் பக்கம். இதையே ஏபிஏ, அதாவது அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறை, அதன் ஏழாம் பதிப்பின்படி எழுதினால் பட்டியலில் 12 பேரையும் போட வேண்டும், ஏனென்றால் அங்கே 20 பேர் வரை முழுப் பெயர்ப்பட்டியல்தான். ஆண்டு, பெயர்களுக்கு அடுத்து அடைப்புக்குறிக்குள் முன்னால் வந்துவிடும். ஆனால் கட்டுரைக்குள்ளே குறிப்பிடும்போது "டேனியல்சன் மற்றும் பலர், 2005" போதும். மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தடவையிலிருந்தே இப்படிச் சுருக்கலாம். வான்கூவரில் கட்டுரைக்குள் பெயரே வேண்டாம், வரும் வரிசைப்படி ஒரு எண் மட்டும்.

வான்கூவர் என்ற பெயர், 1978ல் மருத்துவ இதழ் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் அந்த ஊரில் கூடிப் பேசியதால் வந்தது. எந்த முறை நல்லது என்று விவாதிக்க வேண்டியதில்லை, ஜர்னல் என்ன கேட்கிறதோ அதுதான். ஆகவே முதலில் ஜர்னலைத் தேர்ந்தெடுங்கள், அதன் ஆசிரியர் வழிகாட்டிப் பக்கத்தைத் திறந்து ரெஃபரன்ஸ் பகுதியை முழுசாகப் படியுங்கள். கூடவே, அந்த ஜர்னலில் இந்த ஆண்டு வந்த ஒரு கட்டுரையையும் பக்கத்தில் திறந்து வையுங்கள். வழிகாட்டி சொல்லாமல் விட்டது அந்தக் கட்டுரையில் தெரியும். முதல் சமர்ப்பிப்புக்கு எந்த முறையானாலும் சரி, ஒரே சீராக இருந்தால் போதும் என்று சொல்லும் ஜர்னல்களும் இருக்கின்றன.

சரி, இப்போது நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள சிக்கலுக்கு வருவோம். மேலே "செல்வம் வி" என்று வந்ததைக் கவனித்தீர்களா? நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். இனிஷியலோடு இருக்கும்வரை தொல்லையில்லை: சொந்தப் பெயர் முன்னால், இனிஷியல் பின்னால். பாஸ்போர்ட்டுக்காகவோ ஜர்னல் படிவத்துக்காகவோ இனிஷியலை விரிக்கும்போதுதான் குழப்பம். மு. கவிதா என்பவர் ஒரு கட்டுரையில் "கவிதா முருகன்" என்று போட்டால், மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு "முருகன், க." என்று எழுதிவிடும். அடுத்த கட்டுரையில் "மு. கவிதா" என்றே போட்டால் "கவிதா, மு." ஒரே ஆள், பட்டியலில் இரண்டு பேர், ஒருவர் அவருடைய அப்பா! மற்றவரை மேற்கோள் காட்டும்போது அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் அவருடைய மற்ற கட்டுரைகளையும் பாருங்கள். உங்கள் பெயரை எப்படிப் போடுவது என்று முதல் கட்டுரைக்கு முன்பே முடிவு செய்து, கடைசிவரை மாற்றாதீர்கள். ஆர்க்கிட் எண் என்று 16 இலக்க ஆய்வாளர் எண் இலவசமாகக் கிடைக்கிறது, அதையும் எடுத்துவிடுங்கள்.

[திரையில்: ஜோட்டெரோ நூலகம், ஒரு பதிவு திறக்கிறது]

ரெஃபரன்ஸ்களைச் சேமித்துப் பட்டியலாக்கித் தரும் மென்பொருள் என்று பார்த்தால் நான் ஜோட்டெரோவைத்தான் சொல்வேன். 2006ல் வந்தது, இலவசம், 10,000க்கும் மேற்பட்ட முறைகள் அதில் இருக்கின்றன. ஒரு ஜர்னல் மறுத்து வேறு ஜர்னலுக்கு அனுப்பும்போது முறையை மாற்ற ஒரு சொடுக்கு போதும். நடுவில் ஒரு பத்தியைச் சேர்த்தால் வான்கூவர் எண்களைத் தானே மாற்றிப் போட்டுக்கொள்ளும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை நூலகத்தில் இருந்தால் சிவப்பில் எச்சரிக்கும். ஆனால் வலைப்பக்கத்திலிருந்து இழுத்துவரும் தகவலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பக்க எண் இருக்காது, தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வரும், ஜர்னல் பெயரின் சுருக்கம் தவறும். கட்டுரையைச் சேமித்த அன்றே பிடிஎஃபைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கட்டத்தையும் சரிபாருங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் ரெஃபரன்ஸ் கேட்டு வாங்கி ஒட்டாதீர்கள். இல்லாத கட்டுரைக்கும் அழகாகத் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் தந்துவிடும். டிஓஐ எண், அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் உள்ள நிரந்தர அடையாள எண், பத்து, புள்ளி என்று தொடங்குவது, அதைச் சொடுக்கி அதே கட்டுரை திறக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அடுத்தது, எண்ணை வாக்கியத்தில் எங்கே வைப்பது என்பது. "அலையாத்திக் காடு சுனாமிச் சேதத்தைக் குறைத்தது, உயிரிழப்பையும் குறைத்தது" என்று எழுதி, கடைசியில் மூன்று எண்களைக் கொத்தாகப் போடுகிறோம். எந்தக் கட்டுரை எதைச் சொன்னது என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? பரங்கிப்பேட்டைக் கரையின் 18 மீனவக் குடியிருப்புகளை வைத்து, அலையாத்திக் காடு உயிரிழப்பைக் குறைத்தது என்று கதிரேசனும் ராஜேந்திரனும் 2005ல் எழுதினார்கள். அதே தரவை மறுபடி ஆராய்ந்து, நில உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமும் ஒன்றாக இருந்தால் தாவரப் பரப்பால் உயிரிழப்பு மாறவில்லை என்று 2006ல், அவர்கள் இருவரும் எழுதிய அதே இதழில், கெர் முதலியோர் மறுத்தார்கள். முதலாவதை மட்டும் காட்டிவிட்டு இரண்டாவதை விடுவது, காற்புள்ளி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், தவறான ரெஃபரன்ஸ்தான். ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்திலேயே அதற்குரிய எண்ணை வையுங்கள், மறுப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

தமிழ், வரலாறு, சமயம் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1955ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சைவ ஓலைச்சுவடிகளைப் பார்த்தால், நூலின் பெயரை மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். ஒரே நூலுக்குப் பல சுவடிகள் இருக்கும். நிறுவனம், ஊர், சுவடி எண், ஏட்டு எண், நான்கும் வேண்டும். நீங்கள் பார்த்தது ஓலையா, அதிலிருந்து தாளில் பெயர்த்தெழுதிய படியா என்பதையும் குறியுங்கள். பழைய புத்தகத்தில் பாண்டிச்சேரி என்று அச்சாகியிருந்தால், 2006ல் ஊர்ப் பெயர் மாறியது என்பதற்காக அதைத் திருத்த வேண்டாம்.

அனுப்புவதற்கு முந்தின நாள், பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும், வான்கூவர் என்றால் எண்ணையும், கட்டுரைக்குள் தேடுங்கள், அப்புறம் கட்டுரைக்குள் காட்டியது ஒவ்வொன்றும் பட்டியலில் இருக்கிறதா என்று திருப்பியும் பாருங்கள். இது ஒரு மணி நேர வேலை. விட்டுவிட்டால், கட்டுரை ஏற்கப்பட்டு, அச்சுக்கு முன் சரிபார்க்க அனுப்பும் படியான புரூஃப் வரும்போது, "ரெஃபரன்ஸ் 14 கட்டுரையில் எங்கும் இல்லை, விளக்கவும்" என்று கேள்வி வரும். பதில் சொல்ல உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்தான்.