தொட்டிலில் எழுதிய கணக்கு

(உலக இதய நாளையொட்டி நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமையேற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி என் மனைவியே நம்பாத செய்திகளையெல்லாம் சொல்லிச் சிறப்பித்த தலைமையாசிரியர் அவர்களே, பணி நெருக்கடியிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, இந்தக் கூட்டத்திற்கு உண்மையில் உரியவர்களான கிராம சுகாதாரச் செவிலியர்களே, அங்கன்வாடிப் பணியாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்று நம் பாட்டிமார் சொன்னது பிள்ளைகளின் குணத்தைப் பற்றித்தான். முப்பது ஆண்டுகள் இதய நோயாளிகளைப் பார்த்த பிறகு, அது இரத்தக் குழாய்களுக்கும் பொருந்தும் என்றே நான் கொள்கிறேன். கருவறை, பிறந்தபின் முதல் இரண்டாண்டு, பள்ளிப் பருவம் என மூன்று கட்டங்களைப் பற்றிப் பேச எண்ணி வந்திருக்கிறேன்.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் 1911 முதல் எத்தெல் மார்கரெட் பர்ன்சைடு என்ற செவிலியரின் மேற்பார்வையில், பிறந்த குழந்தைகளின் எடையை மருத்துவச்சிகள் குறித்தார்கள். சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று, ஒரு வயது நிறைவில் மறுபடி நிறுத்து எழுதினார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பின் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அந்தப் பேரேடுகளைத் தேடிப்பிடித்து, 1911 முதல் 1930 வரை பிறந்த 5,654 ஆண்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று பார்த்தார்கள். நாட்டின் சராசரி இதய நோய் இறப்பை 100 என்று வைத்துக்கொண்டால், ஒரு வயதில் 18 பவுண்டு அல்லது அதற்கும் குறைவாக இருந்தவர்களிடம் அது 111. 27 பவுண்டும் அதற்கு மேலும் இருந்தவர்களிடம் 42. இந்த முடிவு 1989-இல் வெளியானது.

அது வெள்ளைக்காரர் கதை என்று நினைக்க வேண்டாம். மைசூரு ஹோல்ட்ஸ்வர்த் மருத்துவமனையில் 1934 முதல் 1954 வரை பிறந்தவர்களைத் தேடிச் சென்று பரிசோதித்தபோது, இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவுமாகப் பிறந்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கும், 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் 3 விழுக்காட்டினருக்கும் இதயத் தமனி நோய் இருந்தது.

காரணம் ஏழை வீட்டுச் சமையலறையில் நடப்பதுதான். அரிசி குறையும்போது பிள்ளைக்கு முதலில் போட்டுவிட்டுத் தாய் தன் தட்டைச் சுருக்கிக்கொள்வதுபோல, ஊட்டம் குறைந்த கரு மூளைக்கு இரத்தத்தை அனுப்பிவிட்டுச் சிறுநீரகத்திலும் மற்ற உறுப்புகளிலும் சிக்கனம் பிடிக்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டி நுண்ணலகுகள் பிறப்பதற்கு முன்பே உருவாகி முடிந்துவிடுகின்றன. குறைந்ததை எந்த டானிக்காலும் பிறகு கூட்ட முடியாது. குறைந்த வடிகட்டிகளோடு ஆயுள் முழுவதும் வேலை செய்யும் உடலில் இரத்த அழுத்தம் ஏற வாய்ப்பு அதிகம். தொட்டில் பழக்கம் என்று நான் சொல்வது இதைத்தான்.

பத்தாண்டுகளுக்கு முன் நாற்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் மாரடைப்போடு வந்தார். பீடி, சிகரெட், குடி எதுவும் இல்லை. பிறந்தபோது எடை எவ்வளவு என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வாசலில் உட்கார்ந்திருந்த அவருடைய தாயார்தான் உள்ளே வந்து, "டாக்டர் தம்பி, அத நான் சொல்றேன்" என்றார். குறைமாதத்தில் பிறந்த பிள்ளையைப் பஞ்சில் சுற்றி முறத்தில் கிடத்தியிருந்தார்களாம். அந்த அம்மாளின் மாமனார் மளிகைக்கடைக்காரர். பிழைக்குமா என்று பார்க்க வேண்டுமென்று புளி நிறுக்கும் தட்டுத் தராசைக் கடையிலிருந்து கொண்டுவந்துவிட்டார். "பச்சப் புள்ளய நிறுத்தா கண்ணு பட்டுரும்" என்று மாமியார் குறுக்கே படுக்க, கிழவர் கேட்கவில்லை. ஒரு தட்டில் பிள்ளை. மறுதட்டில் ஒரு கிலோ கல், அரைக்கிலோ கல், இருநூறு கிராம் கல். அதோடு விடாமல் சுற்றியிருந்த துணியைத் தனியாக நிறுத்துக் கழித்தாராம். "என் மாமனார் சாக்கு எடையக் கழிச்சது வாழ்நாள்ல அன்னிக்கி ஒரு நாள்தான்" என்று அந்த அம்மாள் சொன்னபோது, வலியிலிருந்த மகனே சிரித்துவிட்டார். பற்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதிய அந்தக் கணக்கு, கடையை விற்றபோது பழைய பேப்பரோடு போய்விட்டது. தாயின் நினைவு மட்டும் மிஞ்சியது. இரண்டு வயதுக்குப் பிறகு பாட்டி நெய்யும் முறுக்குமாக ஊட்டி, பள்ளிக்கூடத்தில் 'குண்டு' என்று பெயர் வாங்கும் அளவுக்கு அவரைத் தேற்றியிருக்கிறார். பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியில் 1934 முதல் 1944 வரை பிறந்த 8,760 பேரை ஆராய்ந்தபோதும், பிறப்பில் சிறுத்து, இரண்டு வயதில் மெலிந்து, பிறகு வேகமாக எடை கூடியவர்களிடமே இதய நோய் மிகுந்திருந்தது.

எடை குறைந்து பிறந்தவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. அவர்கள் மற்றவரைவிடச் சற்று முன்னதாக இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. ஆனால் எடை குறைந்து பிறந்தோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டத்தில் மாதந்தோறும் தராசுத் தொட்டிலில் நிறுத்து எழுதப்பட்ட பிள்ளைகள் இன்று நாற்பதைக் கடந்து, மாரடைப்பு வரும் வயதில் நிற்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரிடம் அந்த எண் இருக்கிறது? தடுப்பூசி முடிந்ததும் தாய் சேய் அட்டையைத் தூக்கி எறிகிறோம். நகைச்சீட்டை மட்டும் பீரோவில் பூட்டுகிறோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு பிறப்பு எடையும் ஒரு வயது எடையும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கோரிக்கை. வட்டார மருத்துவ அலுவலர் அவர்கள் சற்று முன் தலையசைத்ததை அவையோரும் கவனித்திருப்பீர்கள்.

தலைவர் அவர்கள் இரண்டாம் முறையாகக் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பள்ளிப் பருவத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். தொட்டில் பழக்கம் அதுவரை எங்கும் ஓடிவிடாது. நூலகர் கனத்த அட்டை போட்ட பேரேடு ஒன்றை வாயில் மேசையில் வைத்திருக்கிறார். தாய் சேய் அட்டை கொண்டுவந்தவர்கள் பிள்ளையின் எடையை அதில் பதிந்துவிட்டுச் செல்லலாம். நகலெடுக்கும் செலவு வாசகர் வட்டத்துடையது. முதல் வரியில் என் பேரனின் எடையை எழுதிவிட்டேன்: 2 கிலோ 900 கிராம், துணி நீங்கலாக. நன்றி, வணக்கம்.