தாளுக்குள்ள பூந்துட்டா மருந்து எட்டாது

வணக்கம் மக்களே. கேமராவைக் கொஞ்சம் கிட்ட கொண்டு வர்றேன், பாருங்க. சின்ன வெங்காயத் தாளுல இந்த வெள்ளைத் திட்டு தெரியுதா? நோயினு நெனச்சு பூஞ்சாணக் கொல்லி அடிச்சுடாதீங்க. நகத்தால தாளைக் கீறுறேன்... இந்தா, உள்ள பூரா எச்சம். அடியில ஐயா சுருண்டு கெடக்காரு. பச்சைப் புழு, ஸ்போடாப்டெரா எக்சிகுவா. உள்ள உக்காந்து பச்சையச் சுரண்டித் தின்னுட்டு, மேல்தோலை மட்டும் கண்ணாடிக் காகிதம் மாதிரி விட்டுடும்.

"நல்ல மருந்துதான் அடிச்சேன், சாகலையே"னு நெறையப் பேரு கேக்குறீங்க. எப்ப அடிச்சீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல.

அந்துப்பூச்சி ராத்திரில வந்து தாள் மேல கொத்தா முட்டை வைக்கும், பஞ்சு போத்துன மாதிரி இருக்கும். 2லருந்து 4 நாள்ல பொரிச்சுடும். குஞ்சுப் புழு கொஞ்ச நேரம் வெளிய சுத்திட்டு ஓட்டை போட்டு உள்ள போயிரும். அந்த இடைவெளிதான் நமக்கு. இனக்கவர்ச்சிப் பொறியில (பெண் அந்து வாசனைய வச்சு ஆண் அந்தை இழுக்குற பொறி) அந்து விழ ஆரம்பிச்சாலே பாத்தி பாத்தியா முட்டை தேடுங்க. கெடச்சா கிள்ளி நசுக்கிடுங்க. இதுக்கு எந்த மருந்தும் ஈடில்ல.

அடிக்கிறது சாயங்காலம். புழு ராத்திரிலதான் நல்லா மேயும். பி.டி. (Bt)னு சொல்ற பாக்டீரியா மருந்து வெயில்ல வீணாயிரும், அதுவும் சின்னப் புழுவுக்குத்தான் கேக்கும். ஒட்டுப் பசையை மறக்காதீங்க. வெங்காயத் தாளுல மெழுகு இருக்கு. நான் ஆரம்பத்துல பசை இல்லாம அடிச்சு, தண்ணி முத்து முத்தா உருண்டு மண்ணுல விழுறத வேடிக்கை பாத்தவன். அதுக்காகப் பசையை அளவுக்கு மேல ஊத்தினாலும் மருந்து வழிஞ்சு போயிரும்.

அடுத்து மருந்து மாத்துறது. போன தடவை குளோரான்ட்ரானிலிப்ரோல், இந்த தடவை ஃப்ளூபென்டியமைடு, "மாத்திட்டேன் பாத்தீங்களா"ன்னா... இல்லைங்க! பேருதான் வேற, ரெண்டும் 28ஆம் குரூப். குரூப்னா, மருந்து புழுவை எப்படித் தாக்குதுங்கிறத வச்சுப் பிரிச்சுப் போட்ட நம்பர். புழுவுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எமாமெக்டின் 6, ஸ்பினோசாட் 5, இன்டாக்சாகார்ப் 22. ஒரு தலைமுறைப் புழுவுக்கு ஒரு குரூப், அடுத்த தலைமுறைக்கு வேற குரூப். அந்த நம்பரைப் பாத்து மாத்துங்க, டப்பா நெறத்தைப் பாத்து இல்ல.

அளவு, அறுவடைக்கு எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும், ரெண்டுமே உங்க பயிருக்கு லேபிள்ல போட்டிருக்கிறதுதான். கையுறை, முகமூடி போட்டுக்கோங்க, காத்துக்கு எதிரா அடிக்காதீங்க.

அப்புறம், மறுநாள் காலையில புழு நெளியுதேனு திரும்ப டேங்கைத் தூக்காதீங்க. எமாமெக்டின் பட்டா மொதல்ல தீனி நின்னுடும், உசுரு போக 2, 3 நாள் ஆகும். புதுசா எச்சம் விழுதானு மட்டும் தாளைக் கீறிப் பாருங்க. இருட்டப் போகுது, நான் டேங்க் கலக்கப் போறேன்.